தங்கபாண்டியின் கத்தி

“அந்தக் கத்தியக் கொண்டா ஆத்தா” என்று தங்கபாண்டி மகளிடம் கையை நீட்டியதும் யோகராஜ் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தான். பெண் கேட்கத் தனியாக வந்திருக்கக் கூடாதோ?

போடியில் ஜீப் ஏறும்போதே வித்யா போனில் எச்சரித்திருந்தாள். “அப்பா என்ன சொன்னாலும் தலைய ஆட்டுங்க. எதுத்துப் பேசுனா நம்ம கல்யாணம் அம்புட்டுத்தான்!” அவளும் அன்று காலைதான் ஹாஸ்டலிலிருந்து தோட்டத்துக்கு வந்திருந்தாள்.

தங்கபாண்டி கத்தியை டிரம்மில் இருந்த நீலக் கலவைக்குள் விட்டார். ஏலச்செடி அழுகலுக்காக மயில்துத்தம் என்கிற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அது. பக்கத்துச் செடிகளின் தூரெல்லாம் நீலம் திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்தது.

ஒரு நிமிஷம் கழித்து எடுத்த கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தது. அவரோ, “பக்குவம் சரியாயிருக்கு. வெரசா அடிச்சிரலாம்” என்றார்.

வித்யா கண்ணாலேயே கெஞ்சினாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஐயா, இத அடிச்சா எல கருகிரும். சுண்ணாம்பு பத்தல.”

“முப்பது வருசமாக் கலக்குறேன். எனக்கே சொல்லித் தர்றீகளா வாத்தியாரே?”

வருவது வரட்டும் என்று யோகராஜ் காலிச் சுண்ணாம்புப் பையை விரித்து, அதன்மேல் பேனாவால் எழுதினான்.

CuSO₄ + Ca(OH)₂ → Cu(OH)₂↓ + CaSO₄

“எண்ணிப் பாருங்க. செம்பு அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஆக்சிஜன் அங்க ஆறு, இங்க ஆறு. முன்னால ஒரு எண்ணும் போடாமலே எழுத்துல சமமாயிருச்சு, டிரம்லதான் சமமாகல. சுண்ணாம்பு போதுமான அளவுக்கு இருந்தா செம்பு பூராம் வீழ்படிவாயிரும். கத்தியில ஒட்ட மிச்சம் இருக்காது.”

சொன்னதோடு விடாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனே சுண்ணாம்புப் பாலைக் கரைத்து ஊற்றிக் கலக்கினான். துடைத்துவிட்டு மறுபடி முக்கி எடுத்த கத்தி, இந்தத் தடவை பளபளவென்று அப்படியே வந்தது.

தங்கபாண்டி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வித்யா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கைக்கு வந்த கல்யாணத்தை நாமே கெடுத்துக்கொண்டோமே என்று யோகராஜ் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

“அப்ப நான் வர்றேங்கய்யா. கலக்குன மருந்து வீணாப் போகாம அடிச்சிருங்க” என்று ஜீப்பைப் பார்த்து நடந்தான்.

பின்னாலிருந்து தங்கபாண்டியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“செடிக்கு அடிச்சு மூணு நாளாச்சு மாப்ளே! இது ஒங்களுக்குன்னு கலக்குனது.”