உள்ளே வைத்த தோல்

புற்றுநோய்க்காக மார்பை எடுத்த இடத்தில் பூரணிக்கு மறுபடி மார்பு வைத்தார்கள். உள்ளே சிலிக்கோன் பை, அதைத் தாங்கிப் பிடிக்க இறந்துபோன யாரோ ஒருவரின் தோல். வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாமியார் சிவகாமி கைபேசியை அவள் நெஞ்சருகே பிடித்தாள். இப்போதெல்லாம் உள்ளே வைத்த தோல், கைபேசியைக் காட்டிக் கேட்டால் யாருடையது என்று ஊர் பேர் சொல்லிவிடும்.

"கொடையாளர் காத்தாயி, வேலாங்காடு காலனி" என்றது கைபேசி.

அன்றிலிருந்து பூரணிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், இரண்டும் பால்கனியில். அடுப்படியில் கால் வைக்கக் கூடாது. "நம்மாளுக தோலாப் பாத்து வைக்கச் சொல்லியிருக்கலாம்ல" என்று புருஷனும் முனகினான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருந்த சிவகாமியின் வயிற்றில் கைபேசியை வைத்து அழுத்தினாள். போன வருஷம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தபோது அங்கேயும் ஒரு தோல் வைத்துத் தைத்திருந்தார்கள். அதை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

"கொடையாளர் முனியன், வேலாங்காடு காலனி."

சிவகாமி அவசரமாக முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள்.

"இத்தன நாளா இந்த வீட்டுக்கு யாரு அத்தே சமைச்சுப் போட்டது?" என்று கேட்டுக்கொண்டே, பூரணி அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிப்போய்ப் பால்கனியில் தன் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.