பன்னிரண்டு மாதம்

"பிள்ளைங்க எத்தனை?" அமெரிக்க வருமான வரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டே ஆடிட்டர் கேட்டார்.

"ஒண்ணு" என்றாள் மனைவி.

"யாருமில்லை சார்" என்றான் கணவன்.

ஆடிட்டர் பேனாவை வைத்தார். வரி குறையுமென்று இல்லாத பிள்ளையைக் காட்ட வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"பொய்யா எழுத மாட்டேம்மா. பிள்ளை எத்தனை மாசம் உங்களோட இருந்துச்சுன்னும் இதுல கேக்குறாங்க."

"மாசமெல்லாம் இல்லைங்க" என்று அவள் இரண்டு சான்றிதழ்களை மேசையில் வைத்தாள். "நாப்பது நிமிஷம்."

பிறப்பும் இறப்பும் ஒரே தேதி.

"வேணாம்னு சொன்னேன் சார். கேக்க மாட்டேங்கறா" என்று கணவன் தலைகுனிந்தான்.

ஆடிட்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முப்பது வருடத் தொழிலில் அவருக்குத் தேவைப்படாத ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்.

"உயிரோட பிறந்து ஒரு நிமிஷம் மூச்சு விட்டிருந்தாலே போதும்மா. அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க உங்களோட வாழ்ந்ததாத்தான் சட்டம் எடுத்துக்குது."

மாதங்களுக்கான கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினார். கணவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயருக்காக ஆடிட்டர் சான்றிதழைக் கையில் எடுத்தபோது, மகளின் பெயரை அவனே சொன்னான். பிழை வந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு எழுத்தாக.