முப்பத்தைந்து மௌனம்

“நான் செத்துப் போயிட்டேன்னு சொல்லிடும்மா!” என்று கிசுகிசுத்துவிட்டு, எழுபத்தொன்பது வயது ஷிம் மன்போக், கண்காட்சிக் கூடத்தில் நிறுத்தியிருந்த வாழ்த்து மலர்வளையங்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

கண்காட்சியை ஏற்பாடு செய்த ஹேரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தென்கொரியாவின் புசான் நகரத் தெருக்களை ஐம்பத்திரண்டு வருடமாகப் படமெடுப்பவர். இது அவருடைய பதினோராவது கண்காட்சி. படகுக்காரர்கள் கத்தியோடு துரத்தியபோதுகூட நின்று படமெடுத்த மனிதர், வாசலில் நுழைந்த ஒரு கிழவியைப் பார்த்து இப்படிப் பதுங்குகிறாரே!

“யாருங்க ஐயா அவங்க?”

மலர்களுக்குள்ளிருந்து ஒரு விரல் நீண்டு எதிர்ச் சுவரைக் காட்டியது. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு படம். சகல்ச்சி மீன் சந்தை, 1979. கையில் கத்தியும் இடுப்பில் ரப்பர் ஏப்ரனுமாக ஒரு மீன்காரி நேராகப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். ஷிம் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஆள் கேமராவைப் பார்ப்பது இது ஒன்றில்தான். சுவரொட்டியில் இதுதான், புத்தக அட்டையிலும் இதுதான்.

ஹேரின் மலர்வளையத்தின் பக்கம் குனிந்தாள். “சம்மதக் கையெழுத்து வாங்கினீங்களா ஐயா?”

“அந்தக் காலத்துல யாரும்மா அதெல்லாம் கேட்டா?” விரல் உள்ளே போய்விட்டது.

படத்திலிருப்பவர் வேண்டாம் என்றால் கழற்றத்தான் வேண்டும். மூன்று மணிக்குத் திறப்பு விழா. அடுத்த மாதம் இதே கண்காட்சி தலைநகர் சியோலுக்குப் போகிறது. இந்தப் படம் இல்லையென்றால் மொத்தமும் பாழ். ஹேரின் வாசலுக்கு ஓடினாள்.

“வாங்கம்மா, வாங்க. ஐயா… கொஞ்சம் வெளியே போயிருக்கார்.”

“அப்படியா? பூவுக்குக் கீழே ரெண்டு கால் தெரியுதே, அது யாரோடது?” என்றாள் கிழவி. “இருக்கட்டும், இருக்கட்டும். நான் மல்சூன். இந்தா, காஞ்ச கணவாய் மீன். உங்க ஐயாவுக்குக் கொடு. பல்லு இருந்தா தின்னட்டும்.”

மல்சூன் படத்தின் முன் போய் நின்றாள். ஹேரின் கையைப் பிசைந்தாள்.

“அம்மா, உங்களைக் கேக்காம மாட்டினது தப்புத்தான். வருத்தம்னா சொல்லிடுங்க…”

“வருத்தமா? என் மருமக பஸ் ஸ்டாப்புல இந்தப் படத்தைப் பாத்துட்டு, ‘அத்தை, உங்களுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா?’ன்னு கேட்டா. வீட்டுல நாலு நாளா எனக்கு ராஜ மரியாதை. கொண்டா பேனாவை!”

ஹேரினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்மதத் தாளை நீட்டினாள். பேனாவை வாங்கிய மல்சூன், பக்கத்துப் படச்சட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தச் சட்டத்தில், அன்று எடுத்த ஃபிலிம் சுருளின் முப்பத்தாறு கட்டங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். முப்பத்தைந்து கட்டம் கன்னங்கரேல். கடைசிக் கட்டத்தில் மட்டும் சிரிப்பு.

“இதென்ன கண்ணு, கரி பூசின மாதிரி?”

ஹேரின் நிமிர்ந்தாள். பழைய பெட்டிகளைக் கிளறி இதைக் கண்டெடுத்ததே அவள்தான். இதைப்பற்றி எழுதிய கட்டுரைக்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறாள்.

“அதுதாம்மா இந்தக் கண்காட்சியோட உயிரே. விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஐயா முப்பத்தஞ்சு தடவை வெறும் இருட்டை எடுத்திருக்கார். அவ்வளவு பெரிய சந்தை இரைச்சலுக்கு நடுவுல முப்பத்தஞ்சு மௌனம். அதுக்கப்புறம் ஒரே ஒரு சிரிப்பு! பேராசிரியர்கள்லாம் இதைப்பத்திப் பேசறாங்க.”

“இப்படின்னு அந்த ஆளு சொன்னாரா?”

“ஐயா எதுவுமே சொல்ல மாட்டார். கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவார். அவ்வளவு அடக்கம். இன்னைக்கும் அதே பழைய கேமராதான். பாக்கிற துளை தனி, படம் பிடிக்கிற லென்ஸ் தனி. ஒவ்வொரு தடவையும் அதோட முன்பக்கத்தை விரலால தொட்டு மரியாதை பண்ணிட்டுத்தான் கண்ணுல வைப்பார். இப்பல்லாம் சின்னப் பசங்களும் அவரைப் பாத்து அப்படியே தொடறாங்க.”

மல்சூனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. சுவரில் இருந்த அதே சிரிப்பு, இரண்டு பல் குறைவாக, கூடமெங்கும் எதிரொலித்தது.

“வேண்டாம் மல்சூன்!” என்று மலர்வளையம் கெஞ்சியது.

“நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அடக்கி வெச்சிருக்கேன், போய்யா!” என்றாள் மல்சூன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “படம் இருக்கட்டும் கண்ணு. ஆனா அந்த மௌனத்தை மட்டும் எடுத்துடு. அன்னைக்கு இந்த ஆளு காலையிலேர்ந்து லென்ஸ் மூடியைக் கழட்டாமயே சந்தை பூரா படம் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. மத்தியானம் நான்தான், ‘யோவ், மூடி!’ன்னு கத்திட்டுச் சிரிச்சேன்.”

மலர்வளையத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஷிம், கழுத்தில் தொங்கிய கேமராவின் முன்பக்கத்தை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டு, “மூடி இல்லை, பாத்துட்டேன்! எங்கே, அதே மாதிரி இன்னொரு தடவை சிரி!” என்றார்.