நல்ல பேட்டரி

டெம்போவின் தார்ப்பாயை விலக்கி இரண்டு ஜெனரேட்டர்களைக் காட்டுகிறார் கடைக்காரர் மாதேஷ். ஏற்காட்டு மூடுபனி அவற்றின் சிவப்புத் தகட்டில் துளித்துளியாய்ப் படிகிறது. எதை வாங்குவது என்று கிங்ஸ்டன் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். வீட்டுக்குள் அவன் மனைவி ஆன்மேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் மெஷினின் சீரான இரைச்சல். போன வாரக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனபோது இன்வெர்ட்டரும் பாதியில் நின்றுவிட்டது. உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் காப்பாற்றினான். பேட்டரி பழசாகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறான்.

ஒயர் இழுக்க இடம் பார்க்க உள்ளே வரும் மாதேஷ், பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்க்கிறார்.

“ஏனுங்க, பேட்டரி நொம்ப நல்லா இருக்குதுங்களே. இந்த மெஷின் மட்டும்னா பொழுதுக்கும் தாங்குமுங்க.”

ஆன்மேரி கணவனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் கண்கள் தரையைவிட்டு எழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவன் காதுமடல் சிவந்து தெரிகிறது.

“அன்னைக்குக் கரண்ட் போனதும் மேல் ரூமுக்கு வாடகைக்கு வந்தவங்க சத்தம் போட்டாங்க, ஆனி. அவங்க டிவி, லைட்டெல்லாம் இதுலதான் போட்டு உட்டேன்.”

அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு மாதேஷின் பக்கம் திரும்புகிறாள்.

“எதைக் குடுத்தாலும் சரிங்க. ஸ்டார்ட் பண்ற சுவிட்சை மட்டும் என் கைக்கு எட்டற மாதிரி வெச்சுருங்க.”