புதையலும் புது விதிகளும்

"காக்கா, நீங்கள் செத்துப்போனீங்கள்," என்றான் தவராசா.

தவராசா அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் முஹம்மது தம்பி, தேநீர்க் கோப்பையை மேசையில் குத்தி வைத்தார். "எப்பிடிச் செத்தனான்?"

"படிக்கட்டு ஈரம். கையில விளக்கும் இல்லை. ஈரப்படி விதி, போன கிழமையே சொன்னனான்."

"மழை பெய்தா எண்டுதானே சொன்னாய்? இண்டைக்கு எங்க மழை?"

"மழை இல்லை. அகழித் தண்ணி."

மேசையில் பழைய கோட்டை ஒன்றின் படமும் இரண்டு தாயக்கட்டைகளும் கிடந்தன. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றின் வானொலிக்காரன் பழக்கிவிட்டுப் போன விளையாட்டு அது. தவராசா கதை சொல்லுவான். மற்ற இருவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் புதையல் தேட வேண்டும். முஹம்மது தம்பி கள்ளன், தபால் கந்தோர் பாக்கியரத்தினம் வைத்தியர்.

தொடங்கியபோது ஒரேயொரு விதிதான் இருந்தது. கட்டையை உருட்டு, பெரிய எண் விழுந்தால் நினைத்த காரியம் நடக்கும். பொழுது சாயுமுன் ஆட்டம் முடிந்து, முஹம்மது தம்பி குடாவுக்கு அப்பால் தன் ஊரான மூதூருக்குப் போகும் கடைசி லோஞ்சுப் படகைப் பிடித்துவிடுவார்.

பிறகு தவராசாவுக்கு என்ன பேய் பிடித்ததோ, சனிக்குச் சனி விதிகள் குட்டி போட்டன. இப்போது கள்ளன் தும்முவதற்கும் கட்டை உருட்ட வேண்டும். முஹம்மது தம்பிக்கு வாராவாரம் லோஞ்ச் தப்பியது. கடைத்தெருவில் மச்சானின் கடை மாடியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுத்தெழும்பி, ஞாயிறு காலையில்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.

"இண்டைக்கும் லோஞ்ச விட்டன் எண்டா நான் மனுசனில்ல!" என்று கத்தினார். "என்ட பொஞ்சாதி மைமூனா ஊட்டுல தனிய. பாவம், வாசலையே பாத்துக்கொண்டிருப்பா. கெதியா முடி!"

"விதியைக் குறைச்சால் இது விளையாட்டில்லைக் காக்கா. பூவா தலையாதான்."

"கூட்டினா மட்டும் விளையாட்டோ? கறிக்கு உப்பு வேணும்தான். அதுக்காக உப்பையே கறியாக்க ஏலுமோ?"

பாக்கியரத்தினத்துக்கும் பொறுமை போய்விட்டது. "நாங்கள் விளையாட வந்தனாங்களோ, சட்டத்தரணிச் சோதனை எழுத வந்தனாங்களோ? பழையபடி ஒரு விதி போதுமடா!"

தவராசா கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தான். "புதுசா இன்னொண்டும் இருக்கு. ஆக்கிவைச்ச சோத்தில குற்றம் சொல்லுறவனுக்கு ஒரு உருட்டு இல்லை. கோட்டைக் குசினியில கஞ்சி தரேக்க, உறைப்புக் காணாது எண்டனீங்கள், காக்கா. உயிர் திரும்ப இருக்கிற மூண்டு உருட்டில உங்களுக்கு ஒண்டு போச்சு."

"புதையலுக்கும் கஞ்சிக்கும் என்னடா சம்பந்தம்?" முஹம்மது தம்பியின் முகம் சிவந்துபோயிற்று. "உறைப்பில்ல எண்டு சொன்னது குற்றமில்ல. உண்மை!"

மனிதர் வீட்டில் சோற்றுக் கோப்பையோடும், சாமான் வாங்கப் போனால் தராசோடும் வழக்காடுவார். ஒரு விதியைக் கண்டால் அதை முறிக்காமல் எழும்ப அவரால் முடியாது. எழும்பாமல் இருந்தே பொழுதைக் கரைத்தார்.

"எங்கட ஊட்டுச் சோத்தத் திண்டுபோட்டு எனக்கே குழி வெட்டுறாய்!" என்று விரலை நீட்டினார். "கிழமைக்கொருக்கா மூதூருக்கு வேலையா வாறியே, மத்தியானத்தில ஆர்ட சோறு திங்கிறாய்?"

"அது வேறை, இது வேறை," என்றான் தவராசா.

இறங்குதுறைப் பக்கம் லோஞ்ச் ஊதியது. முஹம்மது தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"போங்கோ காக்கா. இடையில எழும்பிப் போறவன்ர பங்குப் புதையல் மற்றவனுக்கு. அதுவும் விதி."

பை தொப்பென்று விழுந்தது. "எந்த மூளைகெட்ட ஆளடா இந்த விதி போட்டது?"

திரும்பி வந்து மேசையில் அடித்தார். விதி செல்லாது, நேற்றுச் சொல்லாத விதி இன்றைக்குச் செல்லவே செல்லாது என்று தொண்டை கட்டும்வரை வாதாடினார். வாதாடி முடிக்கும்போது லோஞ்சின் சத்தம் குடாவில் தேய்ந்துகொண்டிருந்தது.

அதைக் கேட்டதும் அவர் தவராசாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பாக்கியரத்தினம் இடையில் விழுந்து பிரித்துவிட்டான். தாயக்கட்டைகள் முற்றத்து மணலில் போய் விழுந்தன.

"இனி உன்ட வாசல மிதிச்சா என்ன நாயெண்டு கூப்பிடு!" என்று காறித் துப்பிவிட்டு முஹம்மது தம்பி கடைத்தெருப் பக்கம் நடந்தார். இதையேதான் போன சனிக்கிழமையும் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் பாக்கியரத்தினம் பாய்ந்தான். "நீயெல்லாம் ஒரு மனுசனோடா? அந்த மனிசி இருட்டும்வரைக்கும் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கப்போகுது. நல்லா இருந்த விளையாட்டையும் நாசமாக்கி, ஒரு குடும்பத்தையும் பிரிச்சு வைச்சிருக்கிறாய். உனக்கு இதில என்ன லாபம்?"

"ஒண்டுமில்லை." தவராசா கிழிந்த சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். உள்ளபடி அவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. "எனக்கும் பழைய ஒரு விதிதான் விருப்பம்."

"அப்ப இந்தக் கஞ்சி விதி, எழும்பாத விதியெல்லாம் ஆரடா உனக்குச் சொல்லித் தாறது?"

தவராசா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மைமூனாக்காதான்."