குதித்துப் பார்ப்பது

புதிய நிலநடுக்கக் கருவியைப் பொருத்தியதும், பக்கத்தில் ஒருவர் குதித்துப் பார்ப்பது எங்கள் ஆய்வு நிலைய வழக்கம். திரையில் கோடு துள்ளினால் கருவி சரி.

மெக்கானிக் என் அக்கா வீட்டுக்காரர்தான். நிலவறையில், அன்று பொருத்திய கருவிக்குப் பக்கத்தில் அவர் குதித்தார். மாடியில், என் திரையில் கோடு இரண்டு முறை துள்ளியது.

"ஒரு தடவை குதிச்சா போதும் மச்சான்," என்றேன் போனில்.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு ரெண்டு தடவை வேற குதிப்பேனா?"

மறுபடி ஒருமுறை குதித்தார். மறுபடியும் இரண்டு துள்ளல். இம்முறை இரண்டாவது, அவருடையதைவிடப் பெரியது.

"மேல வந்துடுங்க."

நிலவறையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே யாருமில்லை. கோடு ஒருமுறை துள்ளியது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் அடங்கியது. பிறகு மறுபடி துள்ளியது, இன்னும் பெரிதாக.

இருவரும் செருப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டோம்.