நான்காவது எடை

குத்துச்சண்டை மேடையின் அந்த மூலையில் அப்போது இருந்தவர்கள் மூன்றே பேர். ஸ்டூலில் தம்பி. அவன் முன்னே முட்டி போட்டபடி, அவனுக்குப் பயிற்சி கொடுத்த அண்ணன். கிழிந்த புருவத்தில் மருந்தை அழுத்திக்கொண்டிருந்த சித்தப்பா. அப்பா கீழே முதல் வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். தானும் பக்கத்தில் நின்றதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட யாரும் அங்கே இல்லை.

"போதும்டா," என்றான் அண்ணன். அவன் கையில் துண்டு இருந்தது. "நிறுத்திடலாம்."

தம்பி வாயிலிருந்த ரத்தத்தை வாளியில் துப்பினான். "அந்தத் துண்டு மட்டும் மேடைக்குள்ள வந்து விழுந்துச்சுன்னா, நீ எனக்கு அண்ணன் இல்ல."

"ஒரு கண்ணு மூடிப்போச்சுடா."

"இன்னொன்னு எதுக்கு இருக்கு?"

சித்தப்பா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

ஐம்பத்தேழு கிலோவில் பட்டம், அறுபத்தொன்றில் பட்டம், அறுபத்தாறில் பட்டம். ஒவ்வொரு படி ஏறும்போதும் எதிரே நிற்பவனின் தோள் அகன்றது, குத்தின் கனம் கூடியது. ஆனாலும் பட்டம் வீடு வந்து சேர்ந்தது. ரசிகர்கள் அவனுக்குத் தராசு என்று பெயரே வைத்துவிட்டார்கள். இது நான்காவது எடை, எழுபத்திரண்டு. எதிராளி இந்த எடையிலேயே பிறந்தவன் போல இருந்தான். ஒன்பது சுற்று முடிந்தும் அவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அப்பாவும் இருபது வருஷம் மேடை ஏறியவர். தோற்றிருக்கிறார், தாடை உடைந்து தூக்கி வரப்பட்டிருக்கிறார், ஆனால் தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் மூலையிலிருந்து துண்டு பறந்ததில்லை. மூலைக்கு ஒரே துண்டு என்பது அவர் வைத்த சட்டம். துடைக்க ஒன்று போதும், இரண்டாவது இருந்தால் வீசத் தோன்றும் என்பார். அந்த ஒன்றைத்தான் அண்ணன் ஒவ்வொரு இடைவேளையிலும் துடைத்துத் துடைத்துப் பிழிந்தான். வாளித் தண்ணீர் சிவந்து கிடந்தது.

"அங்க பாரு," என்றான் தம்பி, எதிர் மூலையைத் தாடையால் காட்டி. "மூணு ரவுண்டா ஸ்டூல்ல உக்காராம நின்னுக்கிட்டே இருக்கான். எவ்வளவு திமிரு!"

"அவன் நின்னா நிக்கட்டும். நீ விலாவையே குத்து."

"முகம் எட்டல. வேற எதைக் குத்துறதாம்?"

மணி அடித்தது.

எதிராளியின் வலது கை பத்து விநாடிக்குள் தம்பியின் மூக்கை உடைத்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவன் மண்டைக்குள்ளேயே கேட்டது. அடுத்தது காதோரம் இறங்கியது, கயிறு முதுகில் அறைந்தது.

சரிந்த இடத்திலிருந்தே இடது கையை எதிராளியின் முழங்கைக்குக் கீழே, விலாவுக்குள் செருகினான். அதே இடத்தில் இன்னொன்று. மூன்றாவது குத்தில் காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஏதோ ஒடிந்தது. தன் விரல்தான் போயிற்று என்று நினைத்தான்.

எழுபத்திரண்டு கிலோவும் அப்படியே அவன் மேல் விழுந்து அழுத்தியது. அவன் முழங்கால் தரையில் மோதியது. திறந்திருந்த கண்ணிலும் ரத்தம் வழிந்தது. அந்த ரத்தத்தின் ஊடே, காலடியில் வெள்ளையாக ஏதோ வந்து விழுவது தெரிந்தது.

துண்டு.

நடுவர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். கூட்டம் எழுந்து நின்று அலறியது. "அண்ணன்காரன் துண்டை வீசிட்டான்டோய்!" என்று யாரோ கத்தியது எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. முதல் வரிசையில் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

தம்பி மேலே கிடந்தவனை உதறித் தள்ளிவிட்டு எழுந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடுக்க வந்த நடுவரைத் தோளால் இடித்துக்கொண்டு நேரே தன் மூலைக்குப் போனான். கயிற்றுக்குள் தலையை நுழைத்து ஓடிவந்த அண்ணனின் வாயில், பத்துச் சுற்றிலும் சேர்த்து வைத்த குத்தைக் குத்தினான்.

அண்ணன் வாளியோடு சாய்ந்தான். ஒரு பல் மேடையில் உருண்டு ஓடியது.

"அப்பா இருபது வருஷமாக் காப்பாத்தின மானத்தை ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டுட்டியே, பாவி!" தம்பி மறுபடி ஓங்கினான். இடுப்பைக் கட்டிக்கொண்ட சித்தப்பா இழுபட்டு விழுந்தார். "எந்திரிடா! இனிமே என்ன உனக்கு மரியாதை?"

ஓங்கிய கையை இன்னொரு கை பிடித்தது. அப்பா. எப்போது மேடை ஏறினார் என்று தெரியவில்லை.

"அடிச்சது போதும்," என்றார். "திரும்பிப் பாரு."

எதிர் மூலைக்காரர்கள் அத்தனை பேரும் நடுமேடையில் மண்டியிட்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எதிராளி விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அலறினான்.

அண்ணன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். அவன் பிழிந்த துண்டு இன்னும் அவன் பிடியிலேயே இருந்தது, முனையிலிருந்து முனைவரை சிவப்பாக, மடியில் சொட்டிக்கொண்டு. அதிலேயே வாயைத் துடைத்தான்.

"நான் வீசலடா. அது அவங்க துண்டு."